டஸ்கனி கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகள்: போகும் முன் கேட்கும் கேள்விகள்

இரண்டு முறை டஸ்கனி போய்வந்ததற்குத் தண்டனையாக, இத்தாலிக்கு டிக்கெட் போடும் சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். பைசா கோபுரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் சாப்பாட்டுக் கவலைதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். நான் பேசுவது சியேனா நகரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி மட்டும்: வடக்கே கியாந்தி மலைச்சரிவுகள், தெற்கே பியென்சா, மொந்தெபுல்சானோ, வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. வெனிஸுக்கோ நேப்பிள்ஸுக்கோ போகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

த்ரத்தொரியா, ஒஸ்தெரியா, ரிஸ்தொரான்தே என்று மூன்று விதமாகப் பலகை இருக்கிறதே, எதற்குள் நுழைவது?

ரிஸ்தொரான்தே என்றால் வெள்ளை விரிப்பு, அச்சடித்த மெனு, உடுப்புப் போட்ட சர்வர். த்ரத்தொரியா என்பது நம்ம ஊர் மெஸ் மாதிரி. கணவர் கல்லாவில் இருப்பார், மனைவியோ மாமியாரோ அடுப்படியில், மகன் பரிமாறுவான். ஒஸ்தெரியா ஆதியில் திராட்சை மது விற்ற கடை. குடிக்க வருகிறவர்களுக்குக் கடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்து, அதுவே சமையலாக வளர்ந்தது.

இதெல்லாம் பழைய இலக்கணம். இப்போது ஒஸ்தெரியா என்ற பெயருக்கு ஒரு மவுசு வந்துவிட்டதால், விலை அதிகமான கடைகளும் அந்தப் பெயரை மாட்டிக்கொள்கின்றன. அதனால் பலகையை நம்பாமல் வாசலில் ஒட்டியிருக்கும் மெனுவைப் படியுங்கள். ஒரே பக்கம், கையெழுத்து, பத்துப் பன்னிரண்டு பண்டங்கள் என்றால் உள்ளே போகலாம். அவசர உணவுக்கு எதிரான ஸ்லோ ஃபுட் இயக்கம் ஆண்டுதோறும் நல்ல ஒஸ்தெரியாக்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. அவர்களுடைய நத்தைச் சின்னம் கதவில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. 1986இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே மெக்டொனால்ட்ஸ் திறந்ததை எதிர்த்துக் கிளம்பியவர்களில் இதன் நிறுவனர் கார்லோ பெத்ரீனியும் ஒருவர். அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்ததுதான் இந்த இயக்கம்.

அக்ரிதுரீஸ்மோ என்கிறார்களே, அது லாட்ஜா, ஹோட்டலா?

பண்ணை வீடு. தங்கலாம், சில இடங்களில் சாப்பாடும் உண்டு. இதற்கு இத்தாலியில் தனிச் சட்டமே இருக்கிறது. முதல் சட்டம் 1985இல் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினரைக் கவனிப்பது அதற்குத் துணையாகத்தான் என்பது அதன் அடிப்படை. ஆக, தட்டில் வரும் எண்ணெய், மது, காய்கறிகளில் கணிசமான பங்கு அந்த நிலத்திலிருந்தோ பக்கத்து நிலத்திலிருந்தோ வரும்.

இந்தப் பண்ணை வீடுகளின் கதை நமக்கு எளிதில் புரியக்கூடியது. நூற்றாண்டுக் கணக்கில் டஸ்கனியில் மெத்ஸதிரீயா என்ற முறை இருந்தது. நம்மூர் வாரம்தான். நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. 1964இல் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஆலை வேலைக்கு நகரம் போய்விட்டார்கள். கல் வீடுகள் காலியாகக் கிடந்தன. இன்று நீங்கள் நீச்சல் குளத்தோடு வாடகைக்கு எடுக்கும் ‘பழமையான வீடு’ பெரும்பாலும் அப்படி ஒரு வாரக்குடியின் வீடுதான். கீழ்த்தளத்தில், இப்போது மேசை போட்டிருக்கும் இடத்தில் மாடு கட்டியிருப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், மெனுவில் பாதி இந்த வறுமையிலிருந்து வந்தது. பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு மிஞ்சியதில் குடும்பம் நடத்திய பெண்கள் கண்டுபிடித்த சமையல். காய்ந்த ரொட்டியை எறிய முடியாது, கறி தினமும் கிடையாது, தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. அந்தப் பழக்கம் அடுப்படியை விட்டு இன்னும் போகவில்லை. அதனால் இந்தக் கடைகளில் மெனு அட்டையைவிட ‘இன்று என்ன இருக்கிறது’ என்ற கேள்வி முக்கியம். இத்தாலியனில் ‘கோசா சே தி புவோனோ ஓஜ்ஜி?’ என்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். பதில் புரியாது, பரவாயில்லை, தலையாட்டுங்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

மதியம் 12.30 முதல் 2 மணி வரை. இரவு 7.30க்கு மேல். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் நாலு மணிக்குச் சாப்பாடு கிடையாது.

நாங்கள் முதல் பயணத்தில் வழி தவறி மதியம் 2.40க்கு ஒரு மலையூர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மாள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடியே ‘குசீனா கியூசா’, அடுப்படி மூடியாச்சு என்றார். நாங்கள் நால்வரும் நின்ற கோலத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பத்து நிமிடத்தில் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், நான்காக வெட்டிய தக்காளி, மேலே எண்ணெய், ஒரு தட்டில் உப்பு என்று கொண்டுவந்து வைத்தார். அடுப்பை மட்டும் மூட்டவில்லை. அந்தத் தக்காளியின் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது, ஆனால் அதை நம்பி நீங்களும் 2.40க்குப் போகாதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை பெரும்பாலான கடைகளுக்கு உண்டு. எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும், ‘கியூசோ’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை நாள். அதையொட்டிச் சில கடைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், திறந்திருப்பவற்றில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது.

முன்பதிவு கட்டாயமா?

வெள்ளி, சனி இரவும் ஞாயிறு மதியமும் கட்டாயம். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் தாத்தா பாட்டி குழந்தைகளோடு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் காலையில் ஒரு போன் போட்டால் போதும். உள்ளே நுழையும்போது மதியமானால் ‘புவோன்ஜோர்னோ’, மாலையானால் ‘புவோனசேரா’ சொல்லிவிட்டு வாசலிலேயே நில்லுங்கள். காலி மேசையைப் பார்த்ததும் நம் பழக்கத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது, அவர்கள்தான் இடம் காட்டுவார்கள்.

அந்திபாஸ்தோ, ப்ரீமோ, செகொந்தோ என்று வரிசையாக இருக்கிறதே, எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அந்திபாஸ்தோ என்பது முதலில் கொறிப்பது. ப்ரீமோ என்பது பாஸ்தா, சூப், அரிசி வகை. செகொந்தோ என்பது கறி அல்லது மீன். கொந்தோர்னோ என்பது தொடுகறி, கறியோடு தானாக வராது, தனியாகக் கேட்டுக் காசு கொடுக்க வேண்டும். கடைசியில் தோல்சே, இனிப்பு. முழு வரிசையையும் உள்ளூர்க்காரர்களே ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிடுவார்கள். ஒரு அந்திபாஸ்தோவை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு ப்ரீமோ, விருப்பப்பட்டால் ஒரு கொந்தோர்னோ என்று முடித்துக்கொண்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

நாலு பேர் போய் ஒரு பாஸ்தா வாங்கி நாலு தட்டு கேட்பதுதான் சங்கடம். சின்னக் கடை, இரவுக்கு ஒரு மேசைக்கு ஒரு குடும்பம்தான் என்ற கணக்கில் நடக்கிறது. ஒரு மேசையை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு யூரோ கொடுத்தால் அவர்களுக்குக் கட்டாது.

இன்னொன்று, எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வராது. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஒரே இலையில் கண்ட கண்ணுக்கு இது முதலில் சோதனையாக இருக்கும். ப்ரீமோ தட்டு எடுத்த பிறகுதான் அடுத்தது.

நாங்கள் கேட்காமலே ரொட்டி வைக்கிறார்கள், அதற்குக் காசும் போடுகிறார்கள். அதுவும் உப்பே இல்லை!

இந்த ஒரே கேள்வியில் இரண்டு புகார்.

காசு விஷயம்: அது கொப்பெர்த்தோ. மேசை விரிப்பு, கரண்டி, ரொட்டி எல்லாவற்றுக்குமாக ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு, ஏமாற்று வேலை இல்லை. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் மட்டும் 2006இல் இதைத் தடை செய்து சட்டம் போட்டார்கள், டஸ்கனியில் அப்படி இல்லை.

உப்பு விஷயம்: டஸ்கனி ரொட்டிக்கு உப்புப் போடமாட்டார்கள், மறதியால் அல்ல. துறைமுகத்தை வைத்திருந்த பைசாக்காரர்கள் புளோரன்ஸுக்கு உப்பு போகவிடாமல் மறித்தார்கள் என்று ஒரு கதை, உப்பு வரி தாங்காமல் விட்டுவிட்டார்கள் என்று இன்னொரு கதை. கதை எதுவானாலும், ரொட்டியைத் தனியாகத் தின்று பார்த்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது. வெறும் இட்லியைத் தின்றுவிட்டு ருசியில்லை என்பது போல அது. உப்பேறிய பன்றித் தொடைக் கறி, காட்டமான ஆட்டுப்பால் சீஸ், குழம்பு இவற்றுக்கு அந்த ரொட்டி சரியான ஜோடி.

தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துத் தின்பதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது: ஸ்கார்பெத்தா, ‘சின்னச் செருப்பு’ என்று பொருள். பெரிய ரிஸ்தொரான்தேயில் அதை நாகரிகக் குறைவு என்பார்கள். த்ரத்தொரியாவில் அதைச் செய்தால் சமைத்தவர் மனம் குளிரும்.

சரி, எதைத்தான் சாப்பிடுவது?

சியேனாப் பக்கம் போனால் முதலில் பீச்சி. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், முட்டை பெரும்பாலும் கிடையாது, போட்டாலும் பேருக்குத்தான். பிசைந்த மாவைத் தட்டி, கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டுவார்கள். நாங்கள் தங்கிய பண்ணை வீட்டில் அந்தப் பாட்டி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கை மாவை மெல்லப் பின்னுக்கு இழுக்கும், வலது கை முன்னுக்கு உருட்டும். கார்த்திகைக்கு அம்மா தொடையில் வைத்துத் திரி திரிக்கும் அதே கை. பென்சில் பருமனில் ஓரிடம், அதைவிட ஒல்லியாக ஓரிடம் என்று ஒரே சீராக இருக்காது. அந்த ஏற்ற இறக்கம்தான் கையால் செய்ததற்கு அடையாளம். எல்லா இழையும் அச்சில் வார்த்தது போல இருந்தால் பாக்கெட்டில் வந்தது.

பீச்சிக்கு அக்லியோனே குழம்பு கேளுங்கள். பக்கத்து வால்திகியானா பகுதியில் விளையும் பெரிய பல் பூண்டு, காரமும் நெடியும் குறைவு. அதைத் தக்காளியோடு நெடுநேரம் கரைய விட்ட குழம்பு. இன்னொன்று ‘கோன் லே பிரீச்சொலே’: காய்ந்த ரொட்டித் தூளை எண்ணெயில் முறுக வறுத்து மேலே தூவுவது. சீஸுக்குக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

குளிர்காலத்தில் ரிபொல்லீத்தா. கருங்கீரை போன்ற ஒரு வகைக் கோஸ் இலை, வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி, காய்ந்த ரொட்டி. பெயருக்கு ‘மறுபடி கொதிக்க வைத்தது’ என்று பொருள். முதல் நாள் சூப்பை மறுநாள் கொதிக்கவைத்துக் கொடுத்தால்தான் அது ரிபொல்லீத்தா. சுண்டவைத்த குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கரண்டி செங்குத்தாக நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வரும். ‘சூப்’ என்று நினைத்து இதற்குப் பின் இன்னொன்றும் சொல்லிவிட்டு என் மைத்துனர் பட்ட பாடு வேறு கதை.

கோடையில் அதே காய்ந்த ரொட்டி வேறு வேடம் போடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயம், துளசி ஜாதி இலையோடு பிசிறினால் பன்சனெல்லா. தக்காளியோடு வேகவைத்து மசித்தால் பப்பா அல் பொமொதோரோ. இரண்டாவது நம் வீட்டுக் குழைந்த தக்காளிச் சாதம் மாதிரி இருக்கும், பல் இல்லாத குழந்தைக்கும் ஊட்டலாம்.

நவம்பரில் போனால் ஃபெத்துந்தாவை விடாதீர்கள். சுட்ட ரொட்டியில் பச்சைப் பூண்டைத் தேய்த்து, அப்போதுதான் செக்கிலிருந்து வந்த ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது, அவ்வளவுதான். புது எண்ணெய் பச்சைப் பசேலென்று இருக்கும், தொண்டையில் மிளகு போலக் காறும். கெட்டுப்போனதோ என்று நான் முதலில் பயந்தேன், அந்தக் காறல்தான் தரம் என்று பிறகு சொன்னார்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இருக்காது. மேலே சொன்ன பட்டியலில் எதற்கும் கறி அவசியமில்லை. ஆனால் ‘அவசியமில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையில்தான் நாம் மாட்டிக்கொள்வோம்.

‘சேன்சா கார்னே’, கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், பன்றித் தொடைத் துண்டு மேலே கிடக்க வரலாம். சிலருக்குப் ப்ரொஷூத்தோ ‘கறி’ கணக்கிலேயே வராது. நெத்திலி போன்ற அச்சூகே மீனும் எண்ணெயில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதனால் நீட்டிச் சொல்லுங்கள்: ‘சேன்சா கார்னே, சேன்சா பெஷ்ஷே, சேன்சா ப்ரொஷூத்தோ’. ஆண் என்றால் ‘சோனோ வெஜெதாரியானோ’, பெண் என்றால் ‘வெஜெதாரியானா’. சூப் என்றால் ‘ப்ரோதோ தி கார்னே?’ என்று ஒரு கேள்வி அவசியம். கறி வேகவைத்த சாற்றில் செய்திருக்கலாம், ரிபொல்லீத்தாவில்கூடச் சிலர் ருசிக்காகப் பன்றி எலும்பு போடுவார்கள்.

தலைகீழான ஏமாற்றமும் உண்டு. ‘ஃபஜோலி அல்லுச்செல்லெத்தோ’ என்றால் ‘சின்னப் பறவை பாணியில் பீன்ஸ்’ என்று பொருள் வரும். பயந்து விட்டுவிடாதீர்கள், பறவை எதுவும் இல்லை. சிட்டுக் குருவி ஜாதிகளைச் சமைக்கப் போடும் சால்வியா இலையும் பூண்டும் இதில் போடுவதால் அந்தப் பெயர் என்பார்கள். பீன்ஸ், தக்காளி, இலை, எண்ணெய், சுத்தச் சைவம். பக்கத்தில் ஸாஸேஜ் வைக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘பெப்பரோனி’ என்று மெனுவில் பார்த்தாலும் பதற வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய்.

சீஸ் விஷயத்தை மறைக்கக் கூடாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவின் விதிப்படி பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆட்டுப்பால் பெக்கொரீனோவிலும் பெரும்பாலும் விலங்கு உறைதான், செடியிலிருந்து எடுத்த உறை சேர்த்ததும் சில இடங்களில் கிடைக்கும், ‘கால்யோ வெஜெதாலே’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைக் கேள்விப்பட்டதும் மாமியார் சீஸை நிறுத்திவிட்டார், மாமனார் ‘தெரியாமல் இருந்திருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

வெங்காயம் பூண்டும் சேர்க்காதவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். அவர்கள் சமையலுக்கு அடித்தளமே வெங்காயம், கேரட், செலரி வதக்கல். தங்கும் இடத்தில் அடுப்பு இருப்பது போலப் பார்த்து எடுப்பதுதான் வழி.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடமாட்டோம், எப்படிக் கண்டுபிடிப்பது?

எட்டுச் சொல் போதும். மான்சோ மாடு, வித்தெல்லோ கன்று, மையாலே பன்றி, சிங்கியாலே காட்டுப்பன்றி, அஞ்ஞெல்லோ ஆட்டுக்குட்டி, கொனீலியோ முயல், அனாத்ரா வாத்து, போல்லோ கோழி. வெறும் ‘ராகூ’ என்றிருந்தால் மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ‘ராகூ தி அனாத்ரா’ என்றால் வாத்து என்று தோன்றினாலும் வதக்கலில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று கேளுங்கள். ஹலால் இறைச்சி இந்தக் கிராமங்களில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், பீன்ஸும் முட்டையும் பீச்சியும்தான் துணை.

பன்றி சாப்பிடுகிறவர்கள் சிந்தா செனேசே என்ற நாட்டு வகையைக் கேட்டுப் பாருங்கள். கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. சியேனா நகர மன்ற மாளிகையில் அம்ப்ரோஜோ லொரென்சேத்தி 1338-39இல் தீட்டிய சுவரோவியத்தில் குடியானவன் ஒருவன் இதே பன்றியை ஓட்டிக்கொண்டு போகிறான். காலையில் ஓவியத்தில் பார்த்ததை மதியம் தட்டில் பார்க்கலாம்.

ஃபியொரெந்தீனா என்ற பெரிய மாட்டுக் கறித்துண்டுக்கு இவ்வளவு விலையா?

விலை துண்டுக்கு அல்ல, எடைக்கு. மெனுவில் ‘எத்தோ’ என்று இருக்கும், 100 கிராம் என்று பொருள். எத்தோ 6 யூரோ என்பதைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று வாங்கினால், வருவது 1.2 கிலோ எலும்போடு கூடிய துண்டு, பில் 72 யூரோ. இரண்டு மூன்று பேருக்கானது அது. வெட்டும் முன் கொண்டுவந்து காட்டி எடை சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும். ‘நன்றாக வேகவைத்துத் தாருங்கள்’ என்றால் சிலர் மறுத்தே விடுவார்கள். மாட்டுப் பித்து நோய்ப் பயத்தில் 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் முதுகெலும்போடு கூடிய துண்டுக்குத் தடை போட்டது, அது திரும்ப வந்தது 2006இல்தான். அந்த ஐந்தாண்டைப் பற்றி உள்ளூர்ப் பெரியவர்கள் பஞ்சகாலம் போலப் பேசுவார்கள்.

காரமே இல்லையே, என்ன செய்வது?

‘பெப்பெரொன்சீனோ’ கேளுங்கள், மிளகாய்த்தூளோ மிளகாய் ஊறிய எண்ணெயோ வரும். டஸ்கனியின் பழைய தலைமுறை மிளகாயை ‘சென்செரோ’ என்று சொல்லும், மற்ற இத்தாலியர்களுக்கு அந்தச் சொல் இஞ்சி. ஊறுகாய்ப் பாட்டிலைப் பையிலிருந்து எடுப்பது உங்கள் விருப்பம். நான் ஒருமுறை எடுத்தேன், சமையல்கார அம்மாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு சொட்டு நக்கினார். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

தண்ணீருக்கும் காசா? மது கட்டாயமா?

தண்ணீர் பாட்டில்தான், காசு உண்டு. சாதா என்றால் ‘நத்தூராலே’, சோடா மாதிரி என்றால் ‘ஃப்ரிசாந்தே’. மது கட்டாயமில்லை. குடிப்பவர்கள் முழு பாட்டில் வாங்காமல் ‘வீனோ தெல்லா காசா’, கடையின் சொந்த மதுவைக் கால் லிட்டரோ அரை லிட்டரோ கண்ணாடிக் குடுவையில் கேட்கலாம். மலிவு, பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்தினுடையது.

வண்டி ஓட்டுகிறவர் மட்டும் கவனம். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பூஜ்யம். பண்ணை வீடுகளுக்குப் போகும் பாதை பல இடங்களில் தார் போடாத வெள்ளைச் சரளை, விளக்கு கிடையாது, முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் குறுக்கே ஓடும். தங்கும் இடத்திலேயே இரவுச் சாப்பாடு இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

சாப்பாட்டுக்குப் பின் கப்புச்சீனோ கேட்டால் சிரிப்பார்களாமே?

கொடுப்பார்கள். உள்ளுக்குள் சிரிப்பார்கள். பால் கலந்த காபி அவர்களுக்குக் காலைப் பானம். ‘காஃபே’ என்றால் நாலு மடக்குக் கறுப்புக் காபி வரும். ‘லாத்தே’ என்று கேட்டால் வெறும் பால் வரும், அதையும் நான் பார்த்துவிட்டேன்.

பில் ஏன் வரவே மாட்டேன் என்கிறது?

நீங்கள் கேட்கும் வரை கொண்டுவரமாட்டார்கள். பில்லை வைப்பது ‘எழுந்து போங்கள்’ என்று சொல்வதற்குச் சமம். ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’ என்று சொல்லுங்கள், அல்லது எழுந்து கல்லாவுக்கே போய்விடுங்கள், கிராமத்தில் அதுதான் வழக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. மனம் நிறைந்திருந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். பில்லில் ‘செர்வீத்ஸியோ’ என்று ஒரு சதவீதம் ஏற்கனவே போட்டிருந்தால் அதுவும் வேண்டாம்.

ஏமாற்றுக் கடையை எப்படி அடையாளம் காண்பது?

வாசலில் நின்று கூப்பிடும் ஆள், ஆறு மொழியில் மெனு, வெயிலில் நீலம் பாய்ந்த உணவுப் படங்கள். மெனுவில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த பொருள் என்று அர்த்தம். மீனுக்கு ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை, கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் ஊர்கள். பாஸ்தாவுக்கும் சூப்புக்கும் வரிசையாக நட்சத்திரம் மின்னினால் நடையைக் கட்டுங்கள். மதியம் 1 மணிக்கு வாசலில் வேலைக்காரர்களின் வண்டிகள் நிற்கும் கடையைத் தேடுங்கள். ‘ப்ரான்சோ தி லவோரோ’ என்று வேலை நாட்களில் மட்டும் ஒரு ப்ரீமோ, ஒரு செகொந்தோ, தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து ஒரே விலையில் கொடுப்பார்கள். நம் அளவுச் சாப்பாடு போல. பயணம் முழுவதிலும் காசுக்கு மிக நிறைவாகச் சாப்பிட்டது அப்படி ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில்தான், பிளாஸ்டர் தூசு படிந்த சட்டைக்காரர்கள் நடுவில்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. குழந்தை அழுதால் சர்வரே தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் ரொட்டி கொடுத்து அனுப்புவார். ‘பாஸ்தா இன் பியாங்கோ’ என்றால் வெறும் எண்ணெய் அல்லது வெண்ணெய், சீஸ் மட்டும் போட்டது. மெனுவில் இருக்காது, கேட்டால் கிடைக்கும்.

வரும்போது என்ன வாங்கி வரலாம்?

அந்தப் பண்ணையின் எண்ணெய், அதுவும் தகர டின்னில். பாட்டில் உடையும், பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் போடுவதுதான் நல்லது. பியென்சாவில் பெக்கொரீனோ வாங்கினால் ‘சொத்தோவூவோத்தோ’ என்று கேளுங்கள், காற்றை உறிஞ்சி உறையிட்டுத் தருவார்கள். கந்தூச்சி என்ற பாதாம் பிஸ்கட் கல் போல இருக்கும், வின் சாந்தோ என்ற இனிப்பு மதுவில் நனைத்துத்தான் அங்கே தின்பார்கள். எங்கள் வீட்டில் ஃபில்டர் காபியில் நனைத்தோம், அரை கிலோ இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது.